வெள்ளைதானே என்று இருந்துவிட்டாள்

ஓடிப்போனாளாம்! யார் கண்டது? மாடிவீட்டம்மா கண்டாளா, பால்பூத்துக்காரர் கண்டாரா? பட்டப்பகலில், பத்தரை மணிக்கு, ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் மருத்துவமனைச் சீட்டுமாக, முன்வாசல் வழியே நடந்து போனவளுக்கு ஓடிப்போனவள் என்று பெயர் வைப்பதானால், இந்தத் தெருவில் தினமும் வேலைக்குப் போகிற அத்தனை பேரும் ஓடிப்போனவர்கள்தான். புருஷன் அடித்து விரட்டினான் என்று இன்னொரு பேச்சு. அந்தத் தையல்காரர் கை ஓங்கி அந்த வீட்டுச் சுவர்கூடப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆளோடு நின்றாள் என்கிறார்களே, அது உண்மை. அந்த ஆள் அவளிடம் வாயைத் திறந்து திறந்து காட்டினான் என்பதும் உண்மை. ஏன் காட்டினான் என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. கேட்டுவிட்டால் பேச்சு ருசிக்காதே!

அவளுக்குச் சலவைக்கூடத்தில் வெந்நீர்க்காரி என்று பெயர். பத்தொன்பது வருஷமாக அங்கே மூன்றாவது இஸ்திரி மேசைதான் அவள் இடம். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, பெரிய மருத்துவமனையின் பச்சைக்கரை போட்ட விரிப்பு எல்லாம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்து, வெளுப்பு மருந்தில் ஊறப்போட்டு, அலசிப் பிழிந்து, காய்ந்தும் காயாமலும் மேசைக்கு வரும்போது அவள் கையில் ஏறும். நாலு மடிப்பு, விளிம்போடு விளிம்பு. ஒரு நூல் முன்னே பின்னே இருக்காது. மேஸ்திரி யார் மடிப்பையும் பிரித்துப் பார்ப்பார், அவளுடையதைப் பார்க்க மாட்டார்.

அங்கே வேலைபார்த்த பெண்கள் சுருட்டு பிடித்தார்கள். ஆவியில் வெந்துகொண்டு பத்து மணிநேரம் நின்ற காலில் நிற்கிறவர்களுக்கு அது ஒன்றுதான் துணை. ஆனால் அந்த இடத்தில் சுருட்டு பிடிப்பதில் ஒரு சங்கடம். இரண்டு கையும் துணியில் இருக்கும். வாயிலிருக்கிற சுருட்டிலிருந்து ஒரு பொட்டுச் சாம்பல் வெள்ளை விரிப்பில் விழுந்தால் தீர்ந்தது. விரிப்பு மறுபடி தொட்டிக்குப் போகும், விழவைத்தவள் மேஸ்திரி வாயில் விழுவாள். அதனால் அவர்கள் சுருட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். நெருப்பு முனை வாய்க்குள்ளே, மறுமுனை வெளியே. உதட்டை இறுக்கிக்கொண்டால், நாக்குக்கு மேலே அண்ணத்துக்குக் கீழே நெருப்பு தன் பாட்டுக்குக் கனன்றுகொண்டிருக்கும். சாம்பல் வாய்க்குள்ளேயே உதிரும். எச்சிலோடு துப்பினால் போயிற்று. ஈரக்கை பட்டு அணையாது, புகையும் அவ்வளவாக வெளியே தெரியாது. ஒரு சின்னச் சுருட்டு அரைநாள் வரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். பழகியவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

துணியில் விழவில்லை என்றால் சுத்தம். அவ்வளவுதான் அங்கே எல்லோருக்கும் தெரிந்த சுத்தம். வாயில் என்ன விழுகிறது என்று ஒருத்தியும் யோசித்ததில்லை.

நெருப்போடு குடித்தனம் நடத்தி நடத்தி அவளுக்கு மேலண்ணம் மரத்துப்போனது. அடுப்பிலிருந்து இறக்கின தேநீரை, மற்றவர்கள் ஊதிக்கொண்டிருக்கும்போதே மடக்மடக்கென்று குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துவிடுவாள். பெயர் அப்படி வந்ததுதான்.

"அடியே, அது தொண்டையா பாய்லரா?" என்பாள் இரண்டாம் மேசைக்காரி.

"உங்க வாயெல்லாம் பட்டு, என் வாய் சாக்குடி. சாக்குக்குச் சூடு தெரியுமா?"

சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சாக்காகத்தான் ஆகிக்கொண்டிருந்தது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

வீட்டில் அவள் வேறு ஆள். தையல்காரர் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க சிகரெட்டாக ஊதித் தள்ளியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் இருமி இருமி ஒருநாள் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். அன்றைக்கு அவள் வீட்டிலிருந்த பாக்கெட்டையெல்லாம் பொறுக்கிச் சாக்கடையில் கொட்டினாள். மகளைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தாள்.

"புள்ள தலையில கைய வைங்க. இனிமே தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"நீயும் வை," என்றார் அவர். "ஒங்க கூடத்துல எல்லாரும் சுருட்டு வச்சிருக்காளுங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் சேந்து விட்டாத்தான் என்னால முடியும்."

அவளும் வைத்தாள். மனசாரத்தான் வைத்தாள், அதில் சந்தேகம் வேண்டாம். பதினோரு நாள் தாக்குப்பிடித்தாள். பன்னிரண்டாம் நாள் ஆவிக்குழாய் கோளாறாகி எல்லோரும் மாடு மாதிரி உழைத்தார்கள், பக்கத்து மேசையிலிருந்து ஒரு சுருட்டு நீண்டது, வாங்கிக்கொண்டாள். நாளைக்கு விட்டுவிடலாம் என்றுதான் வாங்கினாள். அந்த நாளை மூன்று வருஷம் வரவேயில்லை.

அவர் விட்டேவிட்டார். கை நடுங்கும்போதெல்லாம் நூல்கண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் முதல் வேலையாக அவர் சட்டையை மோந்து பார்ப்பாள். வரும் வழியிலேயே அவள் நாலு கிராம்பை மென்று துப்பியிருப்பாள். அவள்மேல் எப்போதும் சோப்பும் ஆவியும்தான் மணக்கும். அவரும் அவளை மோந்து பார்க்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை.

ஒருநாள் கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தாள். மேலண்ணம் பூராவும் வெளுத்திருந்தது. வெள்ளைக்கு நடுவே ஊசி குத்தினாற்போலச் சிவப்புப் பொட்டுகள். வேறு யாராவதாக இருந்தால் பதறியிருப்பார்கள். இவளுக்கு ஆறுதலாக இருந்தது! சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறந்ததிலிருந்து அழுக்கு என்றால் கறுப்பு, பழுப்பு, மஞ்சள். வெளுத்தால் வேலை முடிந்தது. வெள்ளையைப் பார்த்துப் பயப்பட அவளுக்குக் கண் பழகவில்லை. மறுநாள் இரண்டாம் மேசைக்காரியிடம் காட்டினாள். அவளும் வாயைத் திறந்து காட்டினாள்.

"எனக்கும் இப்படித்தாண்டி இருக்கு. நெருப்பு கழுவி விட்டிருக்கு, அவ்ளோதான்."

வெள்ளைதானே என்று இரண்டு வருஷம் இருந்துவிட்டாள்.

பிறகு அந்த வெள்ளையின் ஓரத்தில் ஒரு சிவப்புத் திட்டு வந்தது. பாக்களவு. நாக்கால் தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. ஒருநாள் கொதிக்கிற தேநீரை வழக்கம்போல் ஊற்றிக்கொண்டவள் துள்ளி எழுந்து மேசைமேலேயே துப்பிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சாக்குக்குச் சூடு தெரிந்துவிட்டது.

கறை என்றால் அவளுக்கு வழி தெரியும். விரலில் துணியைச் சுற்றி, உப்பையும் சோடா மாவையும் தொட்டு, பின்கட்டில் உட்கார்ந்து தேய்த்தாள். வெள்ளை அசையவில்லை. சிவப்பிலிருந்து இரத்தம் வந்தது. பத்து நாள் தேய்த்தாள். கசக்கக் கசக்கப் போகாத கறை துணிமேல் இல்லை, நூலுக்குள் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் துணியைக் கீழே வைத்தாள்.

மகள் தலையணை உறையில் இரத்தப்பொட்டைப் பார்த்துவிட்டாள். "அம்மா, வாயைத் தொற, பாக்கறேன்."

"பல்லு ஈறுடி. போய்ப் படி."

சாப்பாட்டை ஆறவைத்து, தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை முறைவேலையை இரண்டாம் மேசைக்காரியோடு மாற்றிக்கொண்டு, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, பெரிய மருத்துவமனைக்குப் போனாள். சலவைக்கூடத்துப் பஸ் இந்தப் பக்கம், மருத்துவமனைப் பஸ் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் நின்றதுதான் தெருவின் கண்ணில் பட்டது.

சதையைக் கிள்ளி எடுக்கப் படுக்கச் சொன்னார்கள். பச்சைக்கரை விரிப்பு. கை தானாக விளிம்பைத் தடவியது. கோணல் மடிப்பு, இரண்டாம் மேசைக்காரி கைவேலை. 'நான் இல்லாத செவ்வாய்க்கிழமை மடித்தது,' என்று நினைத்துக்கொண்டாள். உயிர்ப்பயத்திலும் மனசு இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

டாக்டரம்மா சின்ன வயசு. "சுருட்டு எப்படிம்மா பிடிப்பீங்க?" என்று கேட்டாள். இவள் விரலை எடுத்து, திருப்பி, வாய்க்குள் வைத்துக் காட்டினாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாய்க்குள்ள இருக்கிற தோல் ரொம்ப மெல்லிசும்மா. ஈரமா, அடுக்கடுக்கா இருக்கும். அடி அடுக்குல புதுசு பிறக்கும், மேல வந்து உதிரும். புகையில இருக்கிற விஷம் ஒண்ணு ரெண்டு இல்ல. அத்தனையும் எச்சில்ல கரைஞ்சு அந்தத் தோல்ல ஊறுது. நெருப்புச் சூடு வேற. தாங்க முடியாம தோல் தடிச்சுப்போச்சு, உள்ளங்கை காய்ச்சுப்போற மாதிரி. நீங்க பாத்த வெள்ளை அந்தத் தடிப்புதான். சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டு, எச்சில் வர்ற துவாரம், வீங்கிக் கெடக்கு."

"அப்ப அந்தத் திட்டு?"

"விஷம் அடி அடுக்கு வரைக்கும் போயிடுச்சு. எப்பப் பிறக்கணும், எப்ப நிக்கணும்னு ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் ஒரு உத்தரவு எழுதியிருக்கும்மா. அது அழிஞ்சுபோச்சு. இப்ப நிக்கத் தெரியாம பெருகுது."

அவள் பச்சைக்கரை விரிப்பின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்:

"வெளுப்பு மருந்துல ரெண்டு நாள் மறந்துட்ட விரிப்பு மாதிரி. எடுக்கறப்ப பளிச்சுனு இருக்கும், அப்படி ஒரு வெள்ளைய பாத்திருக்க மாட்டீங்க. கொடியில போடத் தூக்கினா விரல் உள்ள போயிடும்."

"அதேதாம்மா," என்றாள் டாக்டரம்மா. கூடவே, சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொன்னாள்: "வெறும் வெள்ளையா இருந்தப்பவே சுருட்டை நிறுத்தியிருந்தா, பெரும்பாலும் தானா மாறியிருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்தை அவள் வீடுவரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள். வழியில், மடியில் இருந்த மூன்று சுருட்டையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். போடவேண்டிய நாளிலெல்லாம் போடாமல், இன்றைக்கு என்ன சமர்த்து!

அடுத்த செவ்வாய் முடிவு வந்தது. புற்று. மேலண்ணத்தில் பாதியை வெட்டி எடுக்கவேண்டும். ஓட்டைக்குப் பல்செட்டு மாதிரி ஒரு தட்டு செய்து மாட்டுவார்களாம். வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை, பதினோரு மணிக்குள் வந்து படுக்கவேண்டும். தவறினால் அடுத்த முறை இரண்டு மாசம் கழித்து. அதற்குள் எலும்பைத் தின்றுகொண்டு கண்பக்கம் போய்விடும் என்றாள் டாக்டரம்மா. ஒரு தாளும் கொடுத்தாள். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்.

செவ்வாய்தோறும் மருத்துவமனை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் ஒரு பழைய கண்டக்டர். அவருக்கு அண்ணம் எடுத்து ஒரு வருஷம். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவள்தான் கேட்டாள், "அண்ணே, அப்புறம் பேச்சு வருமா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாய்க்குள் கைவிட்டுத் தட்டைக் கழற்றினார். ஏதோ சொன்னார். பானைக்குள்ளிருந்து மூக்கால் ஒருவன் முனகுகிற மாதிரி இருந்தது. ஒரு சொல் பிடிபடவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இருவது வருஷம் ஸ்டாப்பு பேரைக் கத்தினவன் தங்கச்சி நான். இப்ப இது இல்லேன்னா என் பேரு எனக்கே வராது. இதை மாட்டிட்டா பொழப்பு ஓடும். தண்ணி குடிச்சா மூக்கால வராது. பயப்படாதீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "என் சம்சாரம் சொல்றா, சண்டை வந்தா மட்டும் தட்டைக் கழட்டிடுங்க, உங்களுக்கும் திட்டின திருப்தி, எனக்கும் ஒண்ணும் புரியாதுன்னு."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் கடந்தது. சன்னலோரத்தில் மாடிவீட்டம்மா.

ஞாயிற்றுக்கிழமை, தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த மாடிவீட்டம்மா படியிலேயே நின்றாள். "அண்ணே, நான் சொன்னேன்னு வச்சுக்காதீங்க. செவ்வாக்கெழமை அவ வேலைக்குப் போறதில்ல. ஒரு ஆளு. கொஞ்சறதும் சிரிக்கறதும்... எனக்கென்ன, உங்க நல்லதுக்குச் சொன்னேன்."

அவர் துணியைக் கட்டிக்கொடுத்தார். சாயங்காலம் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யாரு அது?"

வாயைத் திறந்து காட்டினால் ஒரு நொடியில் தீர்ந்துபோகும். அவள் திறக்கவில்லை. அங்கேதான் அவளைப் புரிந்துகொள்ள வேண்டும். எவனோடோ போனாள் என்றால் அது பொய். பொய் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு உதிர்ந்துவிடும். மகள் தலையில் வைத்த கையை ஏமாற்றினாள் என்றால் அது மெய். மெய்யைத் தூக்கி எங்கே போடுவது? இரண்டு நாள் அவள் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாள்காட்டியில் வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. முழுங்கக்கூட இடமில்லாமல் வாய் வீங்கியது.

செவ்வாய் மத்தியானம், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்னால், அவள் போய் மெஷினுக்கு எதிரே வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்த மெஷின் லைட்டை இப்படித் திருப்புங்க."

தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள். அவர் குனிந்து பார்த்தார். துணியில் இழை பார்க்கிற கண் அது, ஒன்றும் தப்பாது. வெள்ளையைப் பார்த்தார், பொட்டுகளைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார். கிள்ளி எடுத்த இடத்தில் இருந்த தையலையும் பார்த்தார்.

"பஸ் ஸ்டாப்புல நின்னவருக்கும் இதேதான். அவருக்கு வெட்டியாச்சு. எனக்கு வியாழக்கெழமை."

"எப்படி வந்துது?"

"நெருப்பை உள்ள வச்சுப் பிடிப்போம்."

"எப்ப விட்டே?"

பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் இருந்தது. அவள் சொல்லவில்லை. "ரெண்டு வாரத்துக்கு முன்னால."

அவர் விளக்கைப் பழையபடி திருப்பினார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"மூணு வருஷம் நூல்கண்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பல்லெல்லாம் நூலு. நீ எங்கூட இருக்கேன்னு நெனச்சு இருந்தேன். நான் மட்டும் தனியாவா இருந்தேன்?"

அவள் தாளை மெஷின்மேல் வைத்தாள். "திட்டுங்க. அடிங்க. கையெழுத்தை மட்டும் போடுங்க. எனக்குச் சாவ பயமா இருக்குங்க."

அவர் தாளைத் தொடவில்லை.

புதன்கிழமை முழுக்க அந்தத் தாள் அங்கேயே கிடந்தது. அவர் அதைச் சுற்றித் துணியை நகர்த்தி நகர்த்தித் தைத்தார். மகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே பேனாவை எடுத்து வந்தாள். "நான் போடறேம்மா."

"ஒனக்குப் பதினேழு. செல்லாதாம்."

"அப்பா..."

"அப்பாவைக் கேக்காதே. கேக்கற உரிமை எனக்கே இல்ல."

வியாழக்கிழமை அவள் சமைத்துவைத்தாள். இரண்டு புடவை, ஒரு துண்டு, ஒரு தம்ளர் பையில் எடுத்துக்கொண்டாள். மகள் கூட வருகிறேன் என்று பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிரித்தெடுத்தாள்.

"நீ அப்பாகூட இரு. அவரு கை நடுங்குது, பாத்தியா? மறுபடி சிகரெட்டைத் தொட்டுடுவாரு. இன்னிக்கு அவரைத் தனியா விடாதே."

முன்னறைக்கு வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே துணி இல்லை. வெறும் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை எடுத்துப் பார்த்தாள். கையெழுத்து இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் காலி இடம் தெரியுமே.

நாளைக்கு இந்தக் குரல் இருக்காது. இருக்கிறபோது நல்லதாக ஏதாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று நின்றாள். வந்தது இதுதான்:

"என் கைநாட்டை வச்சுக்கிட்டு வெட்டுங்கன்னு சொல்லப்போறேன். கால்ல விழுந்தாவது கேப்பேன். வரட்டுமா?"

மெஷின் நிற்கவில்லை.

வாசலில் மாடிவீட்டம்மா காய் வாங்கிக்கொண்டு நின்றாள். பையைப் பார்த்தாள். "என்னம்மா, பையும் கையுமா? எங்க பயணம்?"

அவள் நின்றாள். முகத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எனக்கு வாயில புத்து. சுருட்டு பிடிச்சு வந்துது. புருஷன்கிட்ட விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு மூணு வருஷம் திருட்டுத்தனமா பிடிச்சேன். வெட்டிக்கப் போறேன்."

மாடிவீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்ல கதையா இருக்கே! நீயாவது சுருட்டாவது! இத்தனை வருஷத்துல ஒருநாள் ஒரு புகை உன் வாயிலேர்ந்து வந்து நாங்க பாக்கலியே! ஏம்மா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா?"

காய்க்காரரும் சிரித்தார். அவள் எத்தனையோ நாள் எத்தனையோ பேரிடம் மறைத்தாள். மறைத்தது அவ்வளவு நன்றாக மறைந்திருந்தது. இனி யாருக்காவது திறந்து காட்டவும் நேரம் இல்லை.

உள்ளே மெஷின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. படிப்பக்கம் யாரோ வருகிற மாதிரி இருந்தது. மகளாகவும் இருக்கலாம், அவராகவும் இருக்கலாம். திரும்பிப் பார்த்து அங்கே யாரும் இல்லாவிட்டால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை. துணியை மறுபடி முகத்தில் சுற்றிக்கொண்டாள். பதினோரு மணிக்கு இன்னும் அரைமணிதான் இருந்தது. மருத்துவமனைப் பஸ் நிற்கிற பக்கமாக, வேகமாக நடந்தாள்.